வினாத்தாளிலிருந்து கடைத்தெருவுக்கு: கணக்கியல் வகுப்பில் மதிப்பீட்டை மாற்றிய அனுபவம்

பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா மாணவர்களுக்குக் கணக்கியல் கற்பிக்கிறேன். எங்கள் முதலாமாண்டுப் பாடத்தில் பல ஆண்டுகளாக இறுதித் தேர்வுக்கு 60 விழுக்காடும், எஞ்சியது இரண்டு சோதனைகளுக்கும் ஓர் இடுபணிக்கும் என்று இருந்தது. அத்தேர்வில் ‘ஏ’ பெற்ற மாணவி ஒருவர், தொழிற்பயிற்சிக்குப் போன இரண்டாவது வாரத்தில் என்னைத் தேடி வந்தார். முதலாளி அவரிடம் ஒரு பை நிறைய ரசீதுகளைக் கொடுத்து, மூன்று மாதக் கணக்கை எழுதச் சொல்லியிருக்கிறார். “எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை, டீச்சர்” என்றார். பேரேடு எழுதவும், அதன் இரு பக்கத் தொகைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் இருப்பாய்வு தயாரிக்கவும் அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் எங்கள் வினாத்தாளில் ரசீதுகளை நாங்களே பிரித்து, வேண்டாதவற்றை நீக்கி, தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்துவிடுகிறோம். அப்படிப் பிரிப்பதுதான் கணக்கரின் வேலையில் பாதி. அந்தப் பாதியை நாங்கள் ஒருபோதும் சோதித்ததில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மெய்ச்சூழல் மதிப்பீடு என்ற கருத்தைத் தேடிப் படித்தது அதன் பிறகே. ஒரு துறையில் உண்மையாக உழைப்பவர் செய்யும் வேலையையே மாணவருக்குத் தேர்வாகத் தர வேண்டும், எதை வைத்து மதிப்பிடுவோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தாம் செய்ததை மாணவர் பிறர் முன் விளக்கி நிலைநாட்ட வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் கிராண்ட் விக்கின்ஸ் 1989ஆம் ஆண்டிலேயே வாதிட்டிருந்தார். மருத்துவம் பயில்வோரையும் விமானம் ஓட்டப் பழகுவோரையும் நாம் வினாத்தாளை மட்டும் நம்பி வேலைக்கு அனுப்புவதில்லை. கணக்கு எழுதுபவரை மட்டும் ஏன் அனுப்புகிறோம் என்ற கேள்வி என்னை விடவில்லை.

கல்லூரியின் ஒப்புதலைப் பெற ஒரு பருவம் ஆயிற்று. உயர்கல்வியின் தரத்தைக் கண்காணிக்கும் மலேசியத் தகுதி முகமையின் தரநிலைகளுக்கு உட்பட்ட பாடம் என்பதால், ஒவ்வொரு மதிப்பீடும் எந்தக் கற்றல் விளைவை அளக்கிறது என்று காட்டிய பின்னரே புள்ளிப் பங்கீட்டை மாற்ற முடிந்தது. எழுத்துத் தேர்வை 40 விழுக்காடாகக் குறைத்து, உண்மையான ஒரு கடையின் கணக்கை எழுதும் பணிக்கு 40 விழுக்காடும் வாய்மொழித் தேர்வுக்கு 20 விழுக்காடும் ஒதுக்கினோம். எழுத்துத் தேர்வை அடியோடு நீக்க நான் கேட்கவில்லை. பற்று (டெபிட்) எது, வரவு (கிரெடிட்) எது என்று தயங்காமல் சொல்லத் தெரியாதவரைக் கடைக்கு அனுப்புவது கடைக்காரருக்கு இழைக்கும் அநீதி.

பினாங்கின் லெபோ பசார் தெருவை நம்மவர்கள் கடைத்தெரு என்றே சொல்வார்கள். அங்கும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, ஒன்பது கடைக்காரர்களின் சம்மதத்தைப் பெற்றேன். மளிகை, பூமாலை, பாத்திரம், தையல் என்று எல்லாமே சிறு வியாபாரங்கள். மாணவர்கள் 27 பேர், கடைக்கு மூவர். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் கொண்டு, வாடிக்கையாளர் பெயர்களை எண்களாக மாற்றியே எழுத வேண்டும் என்றும் மூலச் சீட்டுகள் கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்றும் எழுத்து மூலம் உறுதியளித்தோம்.

பூக்கடையில்தான் நான் எதிர்பார்த்த கற்றல் நடந்தது. கடைக்கார அக்கா கல்லாவிலிருந்து மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு 180 ரிங்கிட் எடுத்திருந்தார். மாணவர்கள் அதைக் கடைச் செலவாகப் பதிந்துவிட்டார்கள். எடுப்புகள் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியாததன்று. வினாத்தாளில் ‘உரிமையாளர் சொந்தத் தேவைக்கு எடுத்தார்’ என்று நாங்களே எழுதியிருப்போம். இங்கே அதை எழுதித் தருவார் யாருமில்லை, அவர்களாகக் கேட்டால்தான் தெரியும். கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் செலுத்தும் டுயிட்நவ் கியூஆர் வழியாக வந்த பணம் அக்காவின் சொந்த வங்கிக் கணக்கிலேயே விழுந்ததால், வியாபார வரவு எது, அண்ணன் அனுப்பிய பணம் எது என்று வரி வரியாக அவருடன் உட்கார்ந்து பிரித்தார்கள்.

அந்தக் குழுவிலிருந்த சீன மாணவர் ஒருவருக்குப் பற்று என்பது அதுவரை பேரேட்டின் இடப்பக்கம், அவ்வளவுதான். அக்கா தம் பற்று நோட்டைத் திறந்து, “இந்தக் கோயில் பற்று முந்நூறு ரிங்கிட், தம்பி” என்று சொல்ல, அது கோயில் கடைக்குத் தர வேண்டிய கடன் என்று உடனிருந்த தமிழ் மாணவி விளக்கியிருக்கிறார். கடனாளியின் கணக்கை ஏன் பற்று வைக்கிறோம் என்பது அங்கேதான் விளங்கியதாக அந்தச் சீன மாணவர் வாய்மொழித் தேர்வில் சொன்னார். நம் கடைகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் ஒரு சொல், என் விரிவுரையால் முடியாததைச் செய்திருந்தது.

பாத்திரக் கடைக் குழுவினர் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி வியாபார ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆனால் கொள்முதல் ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சானவை என்பதால், சில மாதங்களிலேயே எழுத்து மங்கியிருந்தது. ரசீது வந்த அன்றே படமெடுத்து மாதவாரியாகச் சேமிக்கும் முறையை அவர்களே வகுத்துக் கொடுத்தார்கள்.

புள்ளியிடுவதில் என் முதல் முயற்சி தவறிப்போனது. நான் எழுதிய அளவுகோல் அட்டவணையில் ‘மிகச் சிறப்பு’, ‘நன்று’, ‘போதுமானது’ என்ற சொற்களே இருந்தன. மாணவர்களுக்கும் அவை எதையும் சொல்லவில்லை, சரிபார்த்த சக விரிவுரையாளருக்கும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய வாக்கியங்களாக அவற்றை மாற்றினேன்: ஒவ்வொரு பதிவுக்கும் சீட்டு எண் உள்ளது; சீட்டு இல்லாதவை தனிப் பட்டியலில் காரணத்துடன் உள்ளன; ஊகித்த தொகை எது, ஊகம் எதன் அடிப்படையில் என்று எழுதப்பட்டுள்ளது. முதல் பருவத்தில் 12ஆம் வாரத்தில் ஒரே கெடு வைத்ததும் தவறுதான், திருத்திக்கொள்ள யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. இப்போது 4, 7, 10ஆம் வாரங்களில் வரைவுகளைப் பார்த்துக் கருத்து எழுதித் திருப்பிக் கொடுக்கிறேன்.

‘வேறு யாராவது செய்து கொடுத்தால்?’ என்று மூத்த சக விரிவுரையாளர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு வாய்மொழித் தேர்வே விடையாயிற்று. ஆளுக்கு 15 நிமிடம், 27 பேருக்கு ஏறக்குறைய 7 மணி நேரம். அவரவர் பேரேட்டிலிருந்து ஒரு பதிவைத் தொட்டு, ‘இதை ஏன் இப்படி எழுதினீர்கள்?’ என்று கேட்பேன். கடைக்குப் போகாதவர் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடுவார். உழைப்பைக் குழுவில் ஒருவர் தலையில் மற்றவர்கள் சுமத்தியிருந்ததும் இங்கேதான் வெளிப்பட்டது.

அந்த மூத்த விரிவுரையாளரின் மற்றொரு கேள்வி நியாயம் பற்றியது. அதை என்னால் முழுமையாகத் தீர்க்க முடியவில்லை. மளிகைக் கடையில் கணினிக் கணக்கு இருந்தது, பூக்கடையில் இருந்தது ஒரு நோட்டு மட்டுமே. ஒரே உழைப்புக்கு இரு குழுக்களின் முடிவுகள் ஒரே அழகில் வரா. ஆகவே இறுதி அறிக்கையின் நேர்த்திக்கு இருந்த புள்ளிகளைக் குறைத்து, கிடைத்த ஆவணங்களின் நிலையை 4ஆம் வாரத்தில் எழுதித் தரச் செய்து, அந்த நிலையிலிருந்து எவ்வளவு தூரம் கொண்டுவந்தார்கள் என்பதற்குப் புள்ளி தருகிறேன். கடைக்காரரின் பாராட்டுக்குப் புள்ளி இல்லை. நம் வியாபாரிகள் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இந்தப் பருவத்துக்கும் பூக்கடை அக்கா சம்மதித்திருக்கிறார், ஒரு வேண்டுகோளுடன். தைப்பூசத்துக்கு முந்திய நாள்களில் லெபோ பினாங்குத் தெருவிலுள்ள செட்டியார்களின் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு ரதம் புறப்படும் வரை தமக்குப் பேசக்கூட நேரம் இருக்காது, ஆனால் மாணவர்கள் எடுக்க வேண்டியது அந்த மாதக் கணக்கைத்தான் என்கிறார். பற்று நோட்டு நிரம்புவதை அவர்கள் நேரில் பார்க்கட்டும் என்று, 4ஆம் வாரக் கெடுவை ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறேன்.