எலுமிச்சை உப்பும் வெள்ளைப் பொடியும்

கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு சின்ன யூனிட்டில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். சீசனில் மாம்பழக் கூழ், மற்ற மாதங்களில் எலுமிச்சை, நன்னாரி ஸ்குவாஷ். போன மார்ச்சில் அங்கே ஒரு காலை நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது.

வெயில் ஆரம்பித்து ஆர்டர் குவிந்திருந்த நேரம். 200 கிலோ எலுமிச்சை ஸ்குவாஷுக்குப் பாகு தயாராகி டேங்கில் நிற்கிறது. அதில் கடைசியாகச் சேர வேண்டியவை இரண்டு. ஒன்று இரண்டு கிலோ சிட்ரிக் ஆசிட். இன்னொன்று கெட்டுப்போகாமல் இருக்க 100 கிராம் சோடியம் மெட்டாபைசல்பைட். இரண்டும் வெள்ளை, இரண்டும் பொடி. வழக்கமாக இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துத்தான் ஊற்றுவார்கள். அன்றைக்கு அவசரம். ஆறு வருஷமாக எங்களிடம் வேலை செய்யும் அக்கா ஒருவர் இரண்டையும் ஒரே பக்கெட்டில் கொட்டி, கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கலக்கியிருக்கிறார். பத்துக்குப் பத்து அறை, ஃபேன் போடவில்லை, பொடி பறக்குமே என்று.

எதிர் அறையில் இருந்த எனக்கு முதலில் வந்தது நெடிதான். தீக்குச்சியை உரசியதும் வருமே, அந்த நெடி, ஆனால் தொண்டையைப் பிடிக்கிற அளவுக்கு. அப்புறம் இருமல் சத்தம். ஓடிப்போய் இரண்டு பேராக அவரைத் தூக்கிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தபோது கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, மூச்சு விசில் மாதிரி வருகிறது, கையால் பையைக் காட்டுகிறார். பையைத் திறந்தால் இன்ஹேலர். அக்காவுக்கு வீசிங் இருப்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது, நாங்கள் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார்.

அன்று ராத்திரி நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமிலம் பட்டால் சோடியம் மெட்டாபைசல்பைட்டின் எடையில் 67 சதவீதம் கந்தக டை ஆக்சைடு என்ற வாயுவாக மாறக்கூடியது. 100 கிராம் முழுசாக மாறினால் ஏறக்குறைய 25 லிட்டர் வாயு. பத்தடி உயரமுள்ள பத்துக்குப் பத்து அறையில் அது 900 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 900 பங்கு. முழுசாக மாறியிருக்காது, சரி, பத்தில் ஒரு பங்கு மட்டும் கிளம்பியது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதுவே 90 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நையோஷ் வைத்திருக்கும் அளவு 100 பிபிஎம். ஒரு நாள் வேலை நேரம் முழுக்க சராசரியாகச் சுவாசிக்கலாம் என்று அதே நிறுவனம் சொல்வது வெறும் 2 பிபிஎம். இன்னொன்றும் உண்டு. இந்த வாயு காற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமானது, தரையை ஒட்டித் தங்கும். அக்கா குந்தி உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பொடிக்கு பாதுகாப்புத் தகவல் தாள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. என் கம்ப்யூட்டரில், ஆங்கிலத்தில், பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு லாட்டுக்கும் மெயிலில் வரும், ஆடிட்டுக்கு வருபவர்கள் கேட்டால் காட்டுவேன். முதல் தடவையாக அன்று ராத்திரிதான் அதை ஒரு வரி விடாமல் படித்தேன்.

அந்தத் தாளில் இருக்கும் அபாய வகைப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதன் பெயரில்தான் பாதிப் பயமும் பாதி அலட்சியமும் நடக்கிறது. ஐ.நா. 2003-இல் வெளியிட்ட ஜிஎச்எஸ் என்கிற உலகப் பொது முறைப்படி ஒவ்வொரு ரசாயனத்துக்கும் அதன் கெடுதல் குணங்களைக் குறியீடு போட்டு எழுதுவார்கள். எச் என்ற எழுத்து, பக்கத்தில் மூன்று இலக்கம். 2-இல் தொடங்கினால் தீப்பிடிப்பது, வெடிப்பது மாதிரியானவை, 3 என்றால் உடம்புக்கு, 4 என்றால் சுற்றுச்சூழலுக்கு. நம் பொடிக்கு இருப்பது இரண்டு: எச்302, விழுங்கினால் கெடுதல். எச்318, கண்ணுக்குக் கடுமையான சேதம். இந்த இரண்டாவதால்தான் மூட்டையில் கையை அரிக்கிற அந்தப் படமும் ‘அபாயம்’ என்ற வார்த்தையும் வருகிறது.

எச்302 எப்படி வந்தது? எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்ததில் பாதி எலிகள் சாகும் அளவு, எல்டி50 என்பார்கள், ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறக்குறைய 1500 மில்லிகிராம். 300-க்கு மேல் 2000 வரை இருந்தால் நான்காம் வகை, அந்த வகைக்கு இந்த வாசகம். சமையல் உப்புக்கு அதே எண் 3000, அதனால் உப்பு அந்த நான்காம் வகைக்கு வெளியே நின்றுவிடுகிறது. காபியில் இருக்கும் கஃபீனுக்கு என்ன வாசகம் தெரியுமா? அதே எச்302. நாம் டிகாஷன் குடிப்பதை யாரும் விஷம் குடிப்பதாகச் சொல்வதில்லை. வகைப்பாடு சொல்வது மூட்டைக்குள் சுத்தமாக, செறிவாக இருக்கும் பொருளின் குணம். அது எவ்வளவு நம் உடம்புக்குள் போகிறது என்பது வேறு கணக்கு.

என் சொந்தக்காரர்கள் குரூப்பில் அவ்வப்போது ஒரு படம் சுற்றும். கையை அரிக்கும் சின்னத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் உலர் திராட்சைப் பாக்கெட், கீழே ‘இதைத்தான் உங்கள் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்’. அண்ணன் அனுப்புவார், அம்மா எனக்கு போன் போடுவார், “ஏன்டா, இதைத்தான் உங்க கம்பெனியில போடறீங்களா?” ஆமாம்மா, அதுதான். ஆனால் அந்தச் சின்னம் பாக்கெட்டைப் பிரிப்பவருக்குப் போட்டது இல்லை, 25 கிலோ மூட்டையைப் பிரிப்பவருக்குப் போட்டது. அம்மாவுக்கு வாட்ஸாப்பில் வந்து சேர்கிற அந்தப் படம் எங்கள் அக்காவுக்கு வந்து சேரவில்லை.

அதற்காகச் சாப்பிடுகிறவருக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், அந்தக் கணக்கையும் போட்டேன். இந்தியாவில் ஸ்குவாஷில் கிலோவுக்கு 350 மில்லிகிராம் வரை கந்தக டை ஆக்சைடு இருக்கலாம். நாம் போடும் 100 கிராமுக்கு 337 வரும், வரம்புக்கு ரொம்பப் பக்கம். ஒரு டம்ளரில் 50 கிராம் ஸ்குவாஷ் விட்டால் 17 மில்லிகிராம். உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு அமைப்பும் சேர்ந்து நடத்தும் ஜெக்ஃபா குழு தினமும் சாப்பிடலாம் என்று வைத்த அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு 0.7 மில்லிகிராம். 50 கிலோ ஆளுக்கு 35, இரண்டு டம்ளர் தாங்கும். 15 கிலோ குழந்தைக்குப் பத்தரைதான், ஒரு டம்ளரிலேயே தாண்டிவிடும். வைத்திருக்கும்போது கொஞ்சம் வாயு போய்விடும், அதனால் நிஜத்தில் இதைவிடக் குறைவாகத்தான் வரும், ஆனாலும் என் அக்கா பையனுக்கு ஒரு டம்ளரை இரண்டாகப் பிரித்துத்தான் கொடுக்கிறேன். ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று இருக்கும் உலர் ஆப்ரிகாட் இன்னும் அதிகம், ஐரோப்பாவில் கிலோவுக்கு 2000 வரை அனுமதி. எட்டு கிராம் இருக்கும் ஒரு பழத்தில் 16.

அந்த 0.7-க்கும் இப்போது முன்னைப்போல் பலம் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2016-இல் அதைத் தற்காலிகம் என்றது, 2022-இல் திரும்பப் பெற்றது. எலிகளின் நரம்பு வினை தாமதமாவதைக் காட்டிய ஆய்வைப் பார்த்துவிட்டு, இதைச் சாப்பிட்டால் பாதுகாப்பு என்று ஓர் எண்ணைச் சொல்லும் அளவுக்குத் தரவு போதாது என்றார்கள். புற்றுநோயைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1992-இல் சல்பைட்டுகளை, நம் பொடியும் அந்தக் குடும்பம்தான், மூன்றாம் பிரிவில் வைத்தது, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்த முடியாதவை. ‘தராது’ என்று அதற்கு அர்த்தம் இல்லை, ‘தரும்’ என்றும் இல்லை.

இப்போது எனக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அன்று எங்களைக் காப்பாற்றியிருக்க வேண்டிய வாசகம் ஒன்று உண்டு: அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வெளிவரும். அதன் எண் ஈயூஎச்031. முன்னால் இருக்கும் ஈயூ என்பது ஐரோப்பிய ஒன்றியம். அவர்கள் தங்கள் பழைய முறையிலிருந்து கைவிடாமல் வைத்துக்கொண்ட வாசகம் அது, ஐ.நா.வின் பொதுப் பட்டியலில் கிடையாது. எங்களுக்கு வந்த தாளில் இரண்டாம் பகுதியில், அதாவது அபாயங்களை எல்லாம் எழுதும் முதல் பக்கத்தில், அது இல்லை. தேடிப் பார்த்தால் பத்தாம் பகுதியில், ‘ஒவ்வாத பொருட்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே, ஐந்தாறு பெயர்களுக்கு நடுவில் ‘அமிலங்கள்’ என்று ஒற்றைச் சொல்லாக இருந்தது. ஸ்குவாஷ் யூனிட்டில் அமிலம் இல்லாமல் ஒரு நாள் ஓடுமா? எங்களுக்கு அது முதல் வரி.

ஆஸ்துமாவும் அந்த முதல் பக்கத்தில் இல்லை. ஆஸ்துமாக்காரர்களில் நூற்றுக்கு 3 முதல் 10 பேர் வரை சல்பைட்டுக்கு மூச்சுத் திணறுபவர்கள் என்பது மருத்துவ இலக்கியத்தில் பல காலமாக இருக்கும் கணக்கு. அமெரிக்காவில் உணவகங்களின் சாலட் வாடாமல் இருக்கத் தெளித்த சல்பைட்டால் ஆஸ்துமாக்காரர்கள் இறந்துபோனதாகப் புகார்கள் வந்த பிறகு, 1986-இல் பச்சையாகச் சாப்பிடும் பழம், காய்கறிகளில் அதைப் போடவே கூடாது என்று தடை போட்டார்கள். நம் ஊர் லேபிள் விதியிலும் கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் ஒவ்வாமைப் பட்டியலில் சல்பைட் என்று அச்சிட வேண்டும். வாங்குகிறவருக்குப் பாட்டிலில் எழுதி எச்சரிக்கிறோம், கலக்குகிறவரிடம் உங்களுக்கு வீசிங் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோலும் அப்படித்தான். 2024-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் தேர்ந்தெடுத்தது சல்பைட்டுகளை. கையில் அரிப்பு என்று சொன்ன இன்னொரு பெண்ணுக்கு நான் தேங்காயெண்ணெய் தடவச் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

முதலாளியிடம் பேசினேன், கேட்டுக்கொண்டார். சிட்ரிக் ஆசிட் மூட்டைகள் எதிர் அறைக்குப் போயின. மெட்டாபைசல்பைட்டுக்கு நீல பக்கெட், சிட்ரிக்குக்கு மஞ்சள் பக்கெட், இரண்டும் ஒரே மேஜையில் வரக்கூடாது. பொடியைப் பச்சைத் தண்ணீரில் மட்டும் கரைத்து, பாகு ஆறின பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியில் டேங்கில் விட வேண்டும், அவ்வளவு பெரிய அளவில் கரைந்துபோனால் நெடி கொஞ்சம்தான் வரும். எக்ஸாஸ்ட் ஃபேனைத் தரையை ஒட்டி வைத்தோம். கண்ணாடி வாங்கினோம், பக்கவாட்டில் மூடியது. முகத்தில் கட்டும் துணி வாயுவைத் தடுக்காது என்பதைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னேன், கொரோனாவுக்குப் பிறகு மாஸ்க் போட்டால் எல்லாவற்றுக்கும் போதும் என்ற எண்ணம் எல்லோரிடமும் இருக்கிறது.

அப்புறம் அந்தப் பன்னிரண்டு பக்கத்தை ஒரு பக்கமாக்கித் தமிழில் எழுதினேன். இரண்டு நாள் ஆனது. சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் அந்த அக்காவிடம்தான் முதலில் கொடுத்தேன். ‘அமிலத்துடன் தொடர்பு கொண்டால் நச்சு வாயுவை வெளியிடும்’ என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார்.

“தம்பி, அமிலம்னா பேட்டரியில ஊத்தறதுதானே? அது நம்மகிட்ட ஏது?”

“இல்லக்கா, நம்ம சிட்ரிக்தான்.”

“எலுமிச்சை உப்பா? அதை அப்படியே எழுதிட வேண்டியதுதானே!”

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய் மாற்றி எழுதினேன். இப்போது கரைக்கும் அறைக் கதவில், உட்கார்ந்தாலும் நின்றாலும் கண்ணில் படும் உயரத்தில் இருப்பது இதுதான்: எலுமிச்சை உப்போடு இந்தப் பொடியைச் சேர்க்காதே. சேர்ந்தால் நெடி கிளம்பும், மூச்சு அடைக்கும். நெடி வந்தால் பக்கெட்டை விட்டுவிட்டு வெளியே ஓடு. வீசிங் இருப்பவர்கள் இந்த அறைக்குள் வேலை செய்ய வேண்டாம், சம்பளம் குறையாது.

கடைசி வரியும் அக்கா சொல்லித்தான் சேர்த்தது. அது இல்லாவிட்டால் வீசிங் இருக்கிறது என்று யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள் என்றார். ஒட்டின மறுநாள் இன்னும் இரண்டு பேர் வந்து சொன்னார்கள்.