ஆயுதம் இல்லாமல் போன ஒரே பணி

2005 செப்டம்பர் கடைசியில் சிக்லி ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். சுமத்ராவின் வடமுனையில், ஆச்சே மாநிலத்தின் பிடீ மாவட்டம். மலேசியா ஆச்சே கண்காணிப்புக் குழுவுக்கு அனுப்பிய ராணுவ அதிகாரிகளில் நானும் ஒருவன். எங்கள் யார் கையிலும் துப்பாக்கி கிடையாது. அப்படி ஒரு பணிக்கு அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை.

ஆகஸ்ட் 15 அன்றுதான் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 1976 முதல் தனிநாடு கேட்டுப் போராடிய காம் இயக்கத்தையும் இந்தோனேசிய அரசையும் பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அத்திசாரி ஒரே மேசையில் உட்கார வைத்திருந்தார். அதற்கு எட்டு மாதம் முன்பு சுனாமி அந்தக் கரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. ஆனால் ஊர்க்காரர்கள் உடனே நம்பிவிடவில்லை. 2002 டிசம்பரிலும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை, 2003 மே மாதம் ராணுவச் சட்டம் வந்துவிட்டது. அதனால் எந்தக் காப்பிக் கடையில் போய் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை நாள் இருப்பீர்கள்?"

ஒப்பந்தத்தை இரு தரப்பும் காப்பாற்றுகிறதா என்று பார்க்க வந்த எங்கள் குழுவில் ஐரோப்பிய ஒன்றியம், அதோடு நார்வே, சுவிட்சர்லாந்து. ஆசியான் பக்கத்திலிருந்து புருனே, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து. தலைவர் நெதர்லாந்தின் பீட்டர் ஃபெய்த், துணைத் தலைவர் ஒரு தாய்லாந்து ஜெனரல். ரோந்து போகும்போது ஓர் ஐரோப்பியரும் ஆசியான்காரர் ஒருவரும் சேர்ந்தே போவோம். எனக்குக் கிடைத்த கூட்டாளி வட ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு காவல்துறை அதிகாரி.

முதல் சில வாரம் நான்தான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மலாய் தாய்மொழி போல வரும், இந்தோனேசிய மொழிக்கு அது போதும். காட்டிலிருந்து இறங்கி வந்த ஒரு காம் வீரர், கோலாலம்பூர் சௌகிட்டில் தன் மாமா மளிகைக் கடை வைத்திருப்பதாகச் சொல்லி, என்னை "பாங்" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். அவருக்கு வெள்ளைக்காரரிடம் சொல்லத் தயக்கமான விஷயமெல்லாம் என்னிடம் தாராளமாக வந்தது.

அப்புறம் ஒரு புகார் வந்தது. சாலை போடும் ஒப்பந்தக்காரரிடம் காம் ஆட்கள் பணம் வசூலித்தார்களாம். நான் விசாரித்து, கேட்டதையெல்லாம் கோர்த்து அறிக்கை எழுதினேன். கூட்டாளி படித்துவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் கண்ணால் பார்த்தது எது, ஒருவர் சொன்னது எது, அவருக்கு இன்னொருவர் சொன்னது எது என்று பிரித்து எழுதச் சொன்னார். பிரித்துப் பார்த்தால், நேரில் பார்த்த சாட்சி ஒருவர்கூட இல்லை. அந்த அறிக்கை முதலில் எழுதியபடியே போயிருந்தால் ஒரு தரப்பு அன்றைக்கே எங்களை நம்புவதை நிறுத்தியிருக்கும். என் மொழியும் அவர் ஒழுங்கும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்பது எனக்குப் புரிந்த நாள் அது.

காம் ஆயுதம் ஒப்படைப்பதுதான் எல்லாவற்றையும் விடக் கடினம். ஒப்பந்தப்படி 840 ஆயுதங்கள், நான்கு கட்டமாக. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஈடாக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட ராணுவமும் போலீசும் ஆச்சேயை விட்டுக் கிளம்ப வேண்டும். துப்பாக்கியை எங்கள் நிபுணர்கள் பரிசோதிப்பார்கள், இந்தோனேசிய அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள், தேறினால் அங்கேயே ரம்பத்தால் அறுப்பார்கள். நாட்டுத் துப்பாக்கிகளில்தான் சண்டை. குழாய் எஃகாக இருக்க வேண்டும், உயிரைக் கொல்லும் குண்டைச் சுடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் கொண்டுவந்தது தேறவில்லை. "இதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தேன், பாக்" என்றார். "ஐயா" என்பது போல ஒரு மரியாதைச் சொல் அது. அவரிடம் விதியை விளக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் ஒன்றைத் தளர்த்தியிருந்தால் எதிரே நின்ற அதிகாரி அடுத்த நூறையும் சந்தேகப்பட்டிருப்பார். டிசம்பர் 21 அன்று பண்டா ஆச்சேயில் 840 முடிந்தது. ஆண்டு முடிவதற்குள் படைகளும் கப்பலேறின.

முன்னாள் போராளிகளுக்கான மறுவாழ்வுப் பணத்தில் வேறொரு முடிச்சு. 3000 போராளிகளின் பெயர்ப் பட்டியலை அரசு கேட்டது. நாளைக்கு ஒப்பந்தம் உடைந்தால் அதே பட்டியலை வைத்து வேட்டையாடுவார்கள் என்று காம் மறுத்தது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். கடைசியில் தளபதிகள் வழியாகவே பணம் போனது. எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை என்ற மனக்குறையைப் பல வீடுகளில் கேட்டேன்.

இதையெல்லாம் பேசித் தீர்க்க ஒரு கூட்டம் உண்டு. கோசா என்போம். மாவட்ட அளவில் ராணுவம், போலீஸ், காம், நாங்கள். ஆரம்பத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். காம் தளபதி என்னைப் பார்த்துப் பேசுவார், ராணுவ அதிகாரி என் கூட்டாளியைப் பார்த்துப் பதில் சொல்வார். நாங்கள் நடுவில் தபால்காரர் மாதிரி.

2006 மத்தியில் ஒரு கூட்டத்துக்கு, முந்தின வாரம் நடந்த ஒரு கைகலப்பு பற்றிய கோப்போடு போனோம். தளபதி கையை உயர்த்தி, "அது முடிந்துவிட்டது. ராத்திரியே இவருக்குப் போன் போட்டேன்" என்று எதிரே இருந்த அதிகாரியைக் காட்டினார். அவரும் தலையாட்டினார். நாங்கள் கோப்பை மூடி வைத்துவிட்டுக் காப்பி குடித்தோம்.