மூலையில் இருந்த மர நாற்காலி

முழங்கால் வலியோடு இன்று காலை முதன்முறையாக வகுப்புக்கு வந்த ஓர் அம்மாவிடம், எங்கள் யோக ஆசிரியர் பாயை விரிக்கச் சொல்லவில்லை. மூலையில் இருந்த மர நாற்காலியைத் தாமே தூக்கி வந்து போட்டார்.

மூச்சை இழுத்தபடி கைகளை உயர்த்த வேண்டும், விட்டபடி இறக்க வேண்டும். ஆறு முறை, அவ்வளவுதான்.

ஆனால் மூச்சு, அசைவுக்குச் சற்று முன்பே தொடங்கி அசைவு நின்ற பிறகே முடிய வேண்டும் என்பதை மட்டும் பொறுமையாக மூன்று முறை திருத்தினார்.

எங்கள் ஆசிரியர், சென்னையின் யோக ஆசிரியரான தேசிகாச்சாரின் மாணவர் ஒருவரிடம் கற்றவர். தேசிகாச்சாரின் தந்தையும் குருவுமான கிருஷ்ணமாச்சாரியா (1888–1989), 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் துடிப்பான இளைஞர்களுக்குக் கடினமான ஆசனங்களைக் கற்பித்தவர்; உலகப் புகழ்பெற்ற யோக ஆசிரியர்களான பட்டாபி ஜோயிஸும் பி.கே.எஸ். ஐயங்காரும் அவரிடம் பயின்றவர்களே. அவரே பின்னாளில் சென்னையில், வந்தவரின் வயதையும் நோயையும் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பயிற்சி வகுத்தார். 1976இல் தேசிகாச்சார் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் என்ற யோக மையம் இந்த முறையைத்தான் வளர்த்தெடுத்தது.

உடலுக்கேற்ப ஆசனத்தை மாற்றுவதை மரபை நீர்த்துப்போகச் செய்வதாகச் சிலர் கருதுகிறார்கள். அந்த நாற்காலிதான் மரபு என்றே எனக்குத் தோன்றுகிறது.

“நான் எப்போது சார் தரையில் உட்காருவேன்?” என்று அந்த அம்மா கேட்டார்.

“முதலில் இந்த மூச்சு பழகட்டும் அம்மா” என்றார் ஆசிரியர்.