போடி மீட்டர் கேஜ் பாதை: மாதிரி கட்டும் வேலை இதுவரை

மதுரை–போடிநாயக்கனூர் கிளைப்பாதையை 1:87 அளவில் மாதிரியாகக் கட்டுவது என்று முடிவானதும், எந்தக் காலத்தைக் கட்டுவது என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. ஏனெனில் இந்தப் பாதை மூன்று முறை போடப்பட்டது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1928இல் மீட்டர் கேஜில் (இரு தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி) திறந்த பாதை, இரண்டாம் உலகப் போரின்போது இரும்புத் தேவைக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில் மறுபடியும் மீட்டர் கேஜிலேயே போடப்பட்டது. 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்ட பிறகு, தேனிக்கு 2022இலும் போடிக்கு 2023இலும்தான் ரயில் வந்தது.

மனம் என்னவோ முதல் காலத்தையே நாடியது. மூணாறு மலையில் உள்ள டாப் ஸ்டேஷன் என்ற இடத்திலிருந்து கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கிய மூணாறுத் தேயிலை, அங்கிருந்து வண்டிகளில் போடிக்கு வந்து ரயிலேறிய காலம் அது. ஆனால் ஊகத்தில் கட்டிய நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்காது என்பதால், புகைப்படங்கள் கிடைக்கும் கடைசிப் பத்தாண்டை, அதாவது ஒய்.டி.எம்.4 டீசல் என்ஜினும் நீலப் பெட்டிகளும் ஓடிய காலத்தை எடுத்துக்கொண்டேன்.

ஏறத்தாழ 90 கி.மீ. பாதையை 87ஆல் வகுத்தாலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. என் பலகையோ 240 செ.மீ. ஆகவே உசிலம்பட்டி, தேனி நிலையங்களை விட்டுவிட்டு, ஆண்டிபட்டிக் கணவாயையும் போடி நிலையத்தையும் மட்டும் வைத்துக்கொண்டேன். போடி கடைசி நிலையம் என்பதால், வந்த ரயிலிலிருந்து என்ஜினைக் கழற்றிப் பக்கத்துப் பாதை வழியாக மறுமுனைக்குக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். ஓர் என்ஜினும் நான்கு பெட்டிகளும் சேர்ந்து ஒரு மீட்டரைத் தாண்டுவதால், அந்தப் பக்கத்துப் பாதையே பலகையின் பாதியை எடுத்துக்கொண்டது.

1,000 மி.மீ. கேஜ் இந்த அளவில் 11.5 மி.மீ. ஆகிறது, கடைகளில் கிடைக்கும் 12 மி.மீ. தண்டவாளம் கண்ணுக்கு வேறுபாடு காட்டுவதில்லை. சிலீப்பர் கட்டைகளைத்தான் மாற்ற வேண்டியிருந்தது: ஐரோப்பியக் குறும்பாதைகளுக்காகச் செய்யப்பட்டவை நெருக்கமாக இருந்ததால், அடிப்பட்டையை வெட்டி ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தேன். ஜல்லிக்குப் பதிலாகச் சலித்த மணலைத் தூவி, நீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுக் குழலால் விடும்போது, ஒரு துளி சோப்பு நீரைச் சேர்த்தால் பசை மணலைப் புரட்டாமல் உள்ளே இறங்குகிறது.

கணவாய்ப் பாறைக்குத் தெர்மாகோல் அடுக்கின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, முழுவதும் இறுகுவதற்கு முன் பழைய பல்துலக்கியாலும் மழுங்கிய கத்தியாலும் கீறினேன். பாறைச் சுவர்கள் பெட்டிகளை ஒட்டினாற்போல் இருந்தால்தான் குறும்பாதையின் தோற்றம் வருகிறது. அகலப்பாதை ஆக்கும்போது இந்த மலைப்பகுதியில் பாறைகளை உடைக்க வேண்டியிருந்தது என்பதால், இன்றைய படங்களை வைத்து நான் அளவெடுக்கவில்லை.

இன்றைய பாதையில் மதுரை–போடி அன்றாட ரயிலும், வாரத்தில் மூன்று நாள் சென்னை சென்ட்ரல் விரைவு ரயிலும் ஓடுகின்றன. அவற்றுக்கு இந்தப் பலகையில் இடமில்லை. பாறைக்குச் சாம்பல் வண்ணத்தின் முதல் பூச்சு முடிந்துவிட்டது. அடுத்து பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி வைத்திருக்கும் பெட்டிகளின் சன்னல்களை அரத்தால் சீராக்கி, நான்கையும் ஒரே நீலத்தில் அடிக்க வேண்டும்.