எதிர்மறை வலுவூட்டல் தண்டனை அன்று

ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் உள்ள 150 வினாக்களில் 30 வினாக்கள் குழந்தை மேம்பாட்டையும் கற்பித்தலையும் பற்றியவை. அத்தேர்வுக்காக நான் படித்த வழிகாட்டி நூலொன்று, வீட்டுப்பாடம் எழுதாத மாணவனை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவதை எதிர்மறை வலுவூட்டலுக்கு எடுத்துக்காட்டாகத் தந்திருந்தது. நானும் அதை அப்படியே மனப்பாடம் செய்தேன். அது பிழை என்று உணர எனக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

குழப்பத்தின் வேர் சொல்லிலேயே இருக்கிறது. இலக்கண வகுப்பில் எதிர்மறை என்றால் 'செய்யான்', 'வாரான்' போன்ற மறுப்பு. அன்றாடப் பேச்சில் எதிர்மறை எண்ணம் என்றால் கெட்ட எண்ணம். நடத்தை உளவியலில் இச்சொல்லுக்கு இவ்விரு பொருளும் இல்லை. அங்கே நேர், எதிர் என்பவை கணக்கில் வரும் கூட்டல், கழித்தல் குறிகளைப் போன்றவை. ஒரு செயலைத் தொடர்ந்து ஏதேனும் சேர்ந்தால் நேர், ஏதேனும் விலகினால் எதிர். அதன் விளைவாக அச்செயல் பெருகினால் அது வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் வடிவமைத்த வகையிலான பெட்டியில் தரையில் இலேசான மின்சாரம் பாயும்போது, நெம்புகோலை அழுத்தினால் அது நின்றுவிடும் என்று கண்டுகொண்ட எலி, அடுத்தடுத்த முறைகளில் மேலும் விரைவாக அழுத்துகிறது. அழுத்துதல் என்னும் செயல் வலுப்பெற்றதைக் கவனியாமல் மின்சாரத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தண்டனை என்று எழுதிவிடுகிறார்கள். தலைவலி விலகியதால் அடுத்த முறையும் அதே மாத்திரையைத் தேடுகிறோமே, அதுவும் இவ்வகைதான்.

வழிகாட்டி நூலின் எடுத்துக்காட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த மாணவனுக்குக் கணக்கு வகுப்பே வேப்பங்காயாகக் கசப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே அனுப்பப்பட்டதும் கசப்பு விலகுகிறது. மறுநாளும் அவன் வீட்டுப்பாடம் எழுதாமலே வருகிறான். இப்போது அது உண்மையிலேயே எதிர்மறை வலுவூட்டல்தான், ஆனால் வலுப்பெற்றது எழுதாமல் வரும் பழக்கம். ஆசிரியர் தண்டனை என்று கருதிச் செய்தது மாணவனுக்குச் சலுகையாகிவிட்டது. கடையில் அழும் குழந்தைக்கு மிட்டாய் வாங்கித் தரும் தாயின் நிலையும் இதுவே: மிட்டாய் கிடைப்பதால் குழந்தையின் அழுகை வலுப்பெறுகிறது, அழுகை நிற்பதால் தாயின் வாங்கித் தரும் பழக்கம் வலுப்பெறுகிறது.

தண்டனை வேறு வழியில் இயங்குவது. 1938இல் ஸ்கின்னர் வெளியிட்ட சோதனை ஒன்றில், நெம்புகோலை அழுத்தினால் உணவு வருவது நிறுத்தப்பட்ட பின்னும் அதை அழுத்திய எலிகளில் ஒரு பகுதியின் பாதங்களை, தொடக்கத்தில் சிறிது நேரம், அந்த நெம்புகோலே திருப்பி அடித்தது. அழுத்துவது சட்டெனக் குறைந்தது. எனினும் அடி நின்ற பிறகு அவை மெல்ல மீண்டு, மொத்தக் கணக்கில் அடிபடாத எலிகளை எட்டிவிட்டன.

இந்தக் கருத்து எனக்கு முழுமையாகப் புரிந்தது புத்தகத்தில் அன்று. மழை நாளில் ஸ்கூட்டர் வழுக்கி ஒரு தெருத் திருப்பத்தில் விழுந்த நான், அதன் பின் இரண்டு கிலோமீட்டர் சுற்றி வேறு சாலையில் பள்ளிக்குச் செல்லத் தொடங்கினேன். ஒவ்வொரு காலையும் சுற்றுச்சாலையில் வண்டியைத் திருப்பியதும் நெஞ்சுப் படபடப்பு அடங்கும். அந்த நிம்மதியே சுற்றிச் செல்வதற்கு வலுவூட்டியது. அச்சம் மட்டும் குறையவே இல்லை; ஏனெனில் அந்தத் திருப்பத்தில் வண்டி வழுக்காமலும் போகும் என்று கண்டறிவதற்கான வாய்ப்பை நானே நாள்தோறும் தவிர்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சும் பொருளை நோக்கிப் படிப்படியாக அழைத்துச் செல்லும் சிகிச்சை முறை உளவியலில் ஏன் இருக்கிறது என்பதும் அப்போதுதான் விளங்கியது. என் முதல் படி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் திருப்பம்வரை நடந்து சென்று திரும்பியது.