கடலால் பார்த்த திருமலை

வவுனியாவிலிருந்து அண்ணியும் மருமகனும் வந்திருந்தார்கள். எங்கள் திருகோணமலைக்கு யார் வந்தாலும் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளி என்று ரோட்டால் சுற்றிக் காட்டுவதுதான் வழக்கம். இந்த முறை கடலால் கூட்டிப் போனேன். திருமலையைக் கடலில் நின்று பார்க்காதவர் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறார் என்பது என் பிடிவாதம்.

உப்புவெளிக் கரையில் விடியவே பைபர் போட் நின்றது. ஓட்டி அண்ணன் லைஃப் ஜாக்கெட் வாரை ஒவ்வொருவருக்கும் தானே இழுத்துப் பார்த்த பிறகுதான் எஞ்சினைத் தொட்டார். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலம். காற்று பகலில்தான் பலக்கும், காலையில் கடல் அசையாமல் கிடக்கும்.

கோணேசர் கோயிலில் நின்று இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவை எட்டிப் பார்த்திருப்பீர்கள். கீழே வள்ளத்தில் இருந்து அதே பிளவை அண்ணாந்து பாருங்கள், கழுத்து வலிக்கும். பாறை நேரே தண்ணீருக்குள் இறங்குகிறது. எஞ்சினை நிறுத்தியதும் மேலே பூசை மணி கேட்டது, அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் வைத்துக் கோட்டை கட்டினார்கள். கடலுக்குள் போன தூண்களையும் சிற்பங்களையும் 1956இல் மைக் வில்சன் சுழியோடிக் கண்டார், ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி அவர். நாங்கள் மிதந்துகொண்டிருந்தது அதற்கு மேலேதான்.

"மாமி, இங்க எவ்வளவு ஆழம்?" என்றான் மருமகன்.

"கொஞ்சம் தள்ளிப் போனா எங்கட கயிறு காணாது தம்பி" என்றார் ஓட்டி அண்ணன்.

உண்மைதான். மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலிருந்து கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று வெளிக்கடலை நோக்கி இறங்குகிறது. இவ்வளவு கிட்ட இவ்வளவு ஆழம் இருப்பதால்தான் மார்ச் முதல் ஓகஸ்ட் வரை நீலத்திமிங்கிலம்கூட நம் கரையோரம் வருகிறது. அன்று அது தெரியவில்லை. டொல்பின் கூட்டம் ஒன்று குறுக்கே போனது, அண்ணன் துரத்தவில்லை. அதற்காகவே அவரிடம் போகிறேன்.

திரும்பும் வழியில் வலை இழுத்து வந்த வள்ளம் ஒன்றில் கணவாயும் இரண்டு பாரையும் வாங்கினோம். கரையில் சமைத்தவர் கிண்ணியா ராத்தா ஒருவர், ராத்தா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அக்கா. கணவாயை அவர் துப்புரவாக்கியதை மருமகன் கண் வாங்காமல் பார்த்தான். தலையைப் பிடித்து மெதுவாக இழுக்க, குடலோடு மைப்பை உடையாமல் வந்தது. முதுகை விரலால் கீற, வெள்ளை ஓடு வழுக்கி வெளியே விழுந்தது. அப்புறம் தோலை உரித்து வளையம் வளையமாக வெட்டி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்புப் போட்டுப் பிரட்டிச் சூடான சட்டியில் கொஞ்ச நேரம்தான். கூட வைத்தால் றப்பர் ஆகிவிடும் என்றார். பாரை, கொறுக்காய்ப்புளியும் ரம்பை இலையும் போட்டுத் தேங்காய்ப்பால் ஆணமாக, அதாவது குழம்பாக வந்தது. புட்டோடு சாப்பிட்டோம். புளி முதலில் நாக்கில் நிற்கும், உறைப்பு தொண்டைக்குப் போன பிறகுதான் தெரியும். அண்ணி இரண்டாம் முறையும் ஆணம் கேட்டு வாங்கினார்.

சில இடங்களில் படகுச் சவாரியோடு சிங்கி இறால் என்று முன்கூட்டியே விலை பேசுகிறார்கள். அன்று படாவிட்டால் ஐஸ் பெட்டியில் கிடந்ததுதான் தட்டுக்கு வரும். அதற்குச் சம்மதிக்காதீர்கள். இன்றைக்கு என்ன பட்டது என்று கேளுங்கள், சூரை என்றால் சூரை, கீரிமீன் என்றால் கீரிமீன். முள் எடுக்கப் பஞ்சிப்பட்டுக் கீரியை விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

வருவதென்றால் செப்டெம்பர் முடிய முன் வாருங்கள். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எங்கள் பக்கக் கடல் கொந்தளிக்கும், ஓட்டி அண்ணனும் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிடுவார்.