ஆடிட்டர் ஆபீஸ் நீலம்

திருச்சி தில்லைநகரில் எந்தக் குறுக்குத்தெருவில் நுழைந்தாலும் ஸ்கேன் சென்டர், பல் மருத்துவமனை, ரத்தப் பரிசோதனை நிலையம் என்று போர்டுகள் வரிசைகட்டி நிற்கும். அவற்றில் சில நான் வடிவமைத்தவை. அதனால், உளவியல் ஆலோசகர் ஒருவர் தன் புது இடத்துக்கு லோகோவும் வண்ணங்களும் வேண்டும் என்று கூப்பிட்டபோது பெரிதாக யோசிக்கவில்லை. இளம்பச்சை, லாவெண்டர், நடுவில் ஒரு தாமரை. ஒரு ராத்திரி வேலை.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். லேப்டாப்பில் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். "அழகா இருக்கு தம்பி. யோகா கிளாஸ் மாதிரி இருக்கு" என்றார். தாமரையைக் காட்டி, "தேர்தல் வந்தா இதுக்கு வேற அர்த்தம் ஆயிடும்" என்று சிரித்தார். சரி, தாமரை போனது.

பச்சையை மட்டும் நான் விடவில்லை. மனதை அமைதிப்படுத்தும் நிறம் என்றேன். "யார் மனசை?" என்று கேட்டார். அரசு மருத்துவமனையில் கட்டிலைச் சுற்றி இழுத்துவிடும் திரை என்ன நிறம், ஆபரேஷன் தியேட்டரில் போர்த்தும் துணி என்ன நிறம் என்று அவரே அடுக்கினார். அப்பாவை அப்படி ஒரு திரைக்குப் பின்னால் கடைசியாகப் பார்த்தவருக்கு இந்தப் பச்சை என்ன செய்யும்? எனக்குப் பதில் இல்லை.

வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். சான்பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், அறையின் வெள்ளை கண்ணைக் கூச வைக்கிறது என்று 1914-இல் தன் அறுவை அறையைக் கீரைப் பச்சைக்கு மாற்றியிருக்கிறார். ரத்தச் சிவப்புக்கு எதிர்நிறம் என்பதால் கண் களைக்காது என்பது கணக்கு. ஆக, மருத்துவமனைப் பச்சை அறுப்பவரின் கண்ணுக்காக வந்தது. படுத்திருப்பவரை யாரும் கேட்கவில்லை.

அடுத்த முறை இளஞ்சிவப்போடு போனேன், கையில் ஒரு கதையோடு. அமெரிக்காவின் சியாட்டிலில் 1979-இல் கடற்படைச் சிறை அறை ஒன்றுக்கு ஒரு குறிப்பிட்ட இளஞ்சிவப்பு அடித்ததும் கைதிகளின் மூர்க்கம் அடங்கியதாம். அந்தச் சிறையின் அதிகாரிகள் இருவர் பெயரால் அதை பேக்கர்-மில்லர் இளஞ்சிவப்பு என்பார்கள். எங்கள் தொழிலில் வாடிக்கையாளரை மடக்க எல்லாரும் சொல்லும் கதைதான். அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "அதை அப்புறம் சுவிட்சர்லாந்து சிறையில ஒழுங்கா சோதிச்சுப் பார்த்தாங்க, 2015-ல கட்டுரை வந்தது. வெள்ளை அறைக்கும் அதுக்கும் வித்தியாசம் ஒண்ணும் தெரியலை" என்றார். பத்து வருடமாக விற்ற சரக்கு அன்றைக்குப் போணியாகவில்லை.

பிறகு என்னைக் கீழே கூட்டிப்போனார். எதிர் டீக்கடையில் நிறுத்தி, மாடிப்படியைக் காட்டினார். "இங்க டீ குடிக்கிறவங்க எல்லாம் பக்கத்துத் தெரு ஆட்கள். தெரிஞ்ச பையன் ஒருத்தன் அந்தப் படியில ஏறுறான். மேல உங்க போர்டு. அது இவங்ககிட்ட என்ன சொல்லும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 1794-இல் தொடங்கிய சென்னை மனநல மருத்துவமனை இருக்கும் ஒரே காரணத்தால் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம் நாம். நானும் கல்லூரியில் அந்தக் கேலியைச் செய்தவன்தான். அப்படிப்பட்ட ஊரில், பார்த்ததும் கண்டுபிடித்துவிடக் கூடிய லோகோவை இந்தத் தொழிலுக்குப் போட்டால், படியேறுகிறவனை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். விசிட்டிங் கார்டும் அப்படித்தான். மணிபர்சிலிருந்து அது நழுவி விழும்போது மாமியார் எடுத்துப் பார்ப்பார்.

சந்திப்பு நேரம் எழுதித்தரும் சீட்டுக்கு மஞ்சள் போட்டிருந்தேன். சந்தோஷமான நிறம் என்ற நினைப்பு. "கடை நொடிச்சுப் போனவங்களும் வருவாங்க தம்பி. அவங்க கையில மஞ்சள் தாளைக் கொடுக்கச் சொல்றீங்களா?" என்றார். மஞ்சள் நோட்டீஸ் என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்கு இது தோன்றாமல் போனது வெட்கம்தான். இணையத்தில் கிடைக்கும் வண்ண அட்டவணைகளில் மஞ்சளுக்கு நேரே 'உற்சாகம்' என்று இருக்கும். அதைப் போட்டவர்கள் நம் கடைவீதியில் கடன் வாங்கியவர்கள் இல்லை.

லாவெண்டர் தானாகவே செத்தது. திரையில் பூவாகத் தெரிந்தது, சோதனைக்கு ஃப்ளெக்ஸில் அடித்தால் சாம்பலாக வந்தது. அப்படியே நன்றாக வந்தாலும் திருச்சி வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் ஓடிவிடும், நீலம்தான் கடைசிவரை நிற்கும். தெருவில் பழைய போஸ்டர்களில் முகமெல்லாம் நீலம்பாரித்துக் கிடப்பது அதனால்தான். இதற்கிடையில் அச்சகத்துப் பையன், கிளினிக் என்றதும் தன் பங்குக்கு ஒரு சிவப்புச் சிலுவையை மூலையில் சேர்த்துவிட்டான். அந்தச் சின்னத்தை 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைச் சட்டப்படி நம் இஷ்டத்துக்குப் போட முடியாது என்று சொல்லி எடுக்க வைத்தேன்.

கடைசியில் சலித்துப்போய், சந்தன வெள்ளையில் கருநீல எழுத்தாக ஒன்று செய்தேன். பெயர், படிப்பு, மாடி எண். படம் கிடையாது. காட்டும்போதே எரிச்சலில், "இது ஆடிட்டர் ஆபீஸ் போர்டு மாதிரி இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே மாடியில் நிஜமாகவே ஒரு ஆடிட்டர் அலுவலகம் இருந்தது. "இதுதான். இதையே போடுங்க" என்றார். அந்தப் போர்டை என் வேலைகளின் தொகுப்பில் நான் இதுவரை சேர்த்ததில்லை. சேர்த்தால் பார்க்கிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஆறேழு மாதம் கழித்து, இரண்டாவது கட்டு கார்டுகளைக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். படியில் ஒரு இளைஞன் இறங்கிவந்தான், கண் சிவந்திருந்தது. நான் வழிவிட்டு ஒதுங்கினேன். கேட்காமலேயே, "ஆடிட்டரைப் பார்க்க வந்தேண்ணே" என்றான்.

"நானும் அங்கதான் தம்பி போறேன்" என்றேன்.

மேலே போய்ப் பார்த்தால் ஆடிட்டர் அலுவலகத்தில் பூட்டுத் தொங்கியது.